வலியை வரவழைத்த வழிகள்

திருச்சி மலைக்கோட்டையில் இருக்கும் சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். மகளின் பேறுகாலத்துக்காகப் பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் புரண்டதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இக்கரையில் மகள் ரத்தினாவதிக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. தாயின் உருவத்தில் சிவனே வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம். சுகப்பிரசவம் வேண்டுகிறவர்கள் இன்றும் அங்கே வாழைத்தார் செலுத்துகிறார்கள். ஆறும் வாய்க்காலும் ஊரைத் துண்டு துண்டாக அறுத்துப் போட்டிருக்கும் டெல்டாவில் இந்தக் கதை பிறந்ததில் வியப்பில்லை. ஐப்பசி மழையில் கொள்ளிடமும் வெட்டாறும் கரை தொட்டு ஓடும்போது, ‘வலி வந்த நேரத்தில் ஆள் வந்து சேருமா’ என்பதுதான் இந்த மண்ணின் மூத்த பயம்.

அதற்கு இணையாக இன்னொரு பயமும் இருந்தது. நாள் நெருங்கி, நாள் கடந்து, வலியே வராமல் இருந்துவிட்டால்? அதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். வராத வலியை வரவழைக்க நம் பெண்கள் என்னென்ன செய்தார்கள், இன்று மருத்துவமனையில் என்ன நடக்கிறது, அது எப்போது நல்ல அனுபவமாக அமைகிறது என்பதைப் பற்றி.

முதலில், நாள் கடந்துவிட்டது என்று அந்தக் காலத்தில் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? காலண்டரில் தேதியைச் சுழித்து வைக்கிற வழக்கம் கூலிக்கு நடவு நட்ட பெண்ணிடம் இருந்ததில்லை. அவளுக்குக் கணக்கு பயிரிலும் பண்டிகையிலும் இருந்தது. “ஆடிப்பெருக்குக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துனதுதான் கடைசி” என்பாள். “சம்பா நடவு முடியிறப்ப மசக்கை” என்பாள். அந்தக் கணக்கை வைத்து மருத்துவச்சி விரல் மடக்குவாள். பதினைந்து நாள் முன்னே பின்னே இருக்கலாம். குழந்தை நாள் கடந்துவிட்டதா, கணக்குதான் தப்பா என்று சொல்ல எவராலும் முடியாது. இந்த ஒரு விஷயத்தை மறந்துவிட்டு அன்றையும் இன்றையும் ஒப்பிட்டால் பெரிய தவறு செய்வோம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் இன்று பேறுகாலத் தேதியை ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுகிறது. வலியை வரவழைக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே அந்த ஸ்கேனுக்குப் பிறகுதான் அர்த்தம் பெறுகிறது.

மருத்துவச்சியிடம் சில கைப்பக்குவங்கள் இருந்தன. லேசாக இடுப்பைப் பிடித்தால் உடனே பரபரக்க மாட்டாள். சீரகத்தை வறுத்துப் பனைவெல்லம் போட்டுக் கஷாயம் கொடுப்பாள். சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும், நிஜ வலியாக இருந்தால் கூடும் என்பது அவள் கணக்கு. வலி வந்தும் வராமலும் இழுத்துக்கொண்டிருந்தால் விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுப்பாள். வயிற்றைக் கலக்கினால் கர்ப்பப்பையும் அசையும் என்ற நம்பிக்கை. பெண்ணை உட்காரவிடாமல் கொல்லைக்கும் வாசலுக்குமாக நடக்கச் சொல்வாள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் தரும் விளக்கெண்ணெயை வயிற்றில் தடவிவிடுவார்கள். அந்த எண்ணெய் இன்றும் தபாலில் கடல் கடந்து போகிறது.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நடப்பது நல்லது என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது. வலியில் இருக்கிற பெண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்து, முதுகைத் தேய்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்த அந்த மருத்துவச்சியின் வேலையை இன்று ‘பிரசவத் துணை’ என்ற பெயரில் ஆய்வுகள் போற்றுகின்றன. ஆனால் அவளிடம் இல்லாதவை உயிரைக் குடித்தன. குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வழியில்லை. தாயின் ரத்த அழுத்தம் ஏறுவது தெரியாது. சர்க்கரை இருப்பது தெரியாது. கஷாயமும் எண்ணெயும் பலிக்காமல் போனால் வண்டி கட்டித் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ கொண்டுபோக வேண்டும். போய்ச் சேராத வண்டிகளின் கதை டெல்டாவின் பழைய குடும்பங்களில் ஒன்றாவது இருக்கும்.

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் இராசா மிராசுதார் மருத்துவமனையின் பெயரே அதன் வரலாற்றைச் சொல்கிறது. அரச குடும்பத்தாரும் நிலக்கிழார்களும் கொடுத்த கொடையில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த இடம் அது. 1959-இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு அதனுடன் இணைந்தது. மருத்துவக் கல்லூரி ஊருக்கு வெளியே வளர்ந்தாலும் மகப்பேறு இன்றுவரை இந்தப் பழைய வளாகத்தில்தான். சுற்றுவட்டாரத்தில் “மிராசுதார்ல பொறந்த புள்ள” என்று சொல்லிக்கொள்ளாத தெரு அபூர்வம்.

மருத்துவச்சியின் காலத்துக்கும் இன்றைக்கும் இடையில் ஒரு காலம் வந்தது. அதை ஊசிக்காலம் என்றே சொல்லலாம். 1906-இல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கர்ப்பப்பையைச் சுருங்க வைப்பதைக் கண்டார். அதில் இருந்த ஆக்சிடோசினை 1953-இல் வின்சென்ட் டு விக்னோ ஆய்வுக்கூடத்திலேயே செய்துகாட்டினார். 1955-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பின் அது உலகெங்கும் போனது. நம் ஊருக்கு வந்தபோது அதற்கு ‘வலி ஊசி’ என்று பெயர்.

வலியை வரவழைக்க ஆக்சிடோசினைச் சரியாகக் கொடுக்கும் முறை ஒன்றுதான். குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து, ரத்தக் குழாய் வழியாக, சொட்டுச் சொட்டாக, வலியின் வேகத்தைப் பார்த்துக் கூட்டியும் குறைத்தும் கொடுக்க வேண்டும். வலி மிஞ்சினால் சொட்டை நிறுத்திவிடலாம், சில நிமிடங்களில் வேகம் தணியும். தசையில் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. பிள்ளை வெளிவரும் முன் வீட்டிலேயே தசையில் ஊசி போட்ட அரைகுறைப் படிப்பாளிகள் நாடு முழுவதும் இருந்தார்கள். கர்ப்பப்பை கிழிந்து போன தாய்மார்களும், மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளைகளும் அதன் விலை. பிள்ளை பிறந்தபின் ரத்தப்போக்கைத் தடுக்கத் தொடையில் போடும் அதே ஆக்சிடோசின் ஊசி உயிர் காக்கும் மருந்து என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருந்து ஒன்றுதான், நேரமும் வழியும் வேறு.

அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹோலன் 1990-களின் நடுவில் சென்னையிலும் அதைச் சுற்றியும் தங்கிப் பிரசவங்களைப் பற்றி ஆராய்ந்தார். 2003-இல் அவர் புத்தகம் வந்தது. அவர் எழுதியதில் என்னை நிறுத்தியது ஒன்று உண்டு: ஏழைப் பெண்கள் பலர் அந்த ஊசியைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வலி கூடினால் சக்தி கூடும், சக்தி கூடினால் பிள்ளை வரும் என்று நம்பினார்கள். மேல்நாட்டுப் பெண்கள் வலியைக் குறைக்க மருந்து கேட்ட காலத்தில் தமிழ்ப் பெண்கள் வலியைக் கூட்ட மருந்து கேட்டார்கள். வலியைத் தணிக்கும் மருந்து அவர்களுக்கு எட்டவும் இல்லை. இதைப் படிக்கும்போது பெருமையும் வேதனையும் சேர்ந்தே வருகிறது. அந்தத் தாங்கும் சக்தியை நம்பியே பல பிரசவ அறைகள் நடந்தன. ஏன் ஊசி, எவ்வளவு நேரம், என்ன ஆகும் என்று எவரும் விளக்கிச் சொல்லவில்லை. வரிசையில் படுக்க வைத்து வரிசையில் சொட்டு ஏற்றினார்கள். உறவுக்காரப் பெண்ணொருத்தி கூட நிற்க வழியில்லை.

“மருந்து வச்சு வலி வரவழைச்சா கடைசியில கத்திதான்” என்று இன்றைக்கும் மாமியார்கள் சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம். அந்தப் பயத்துக்கு நியாயமான வேர் உண்டு. ஆனால் மரம் இப்போது வேறு இடத்தில் நிற்கிறது.

பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு முதல் பிரசவம். ஆறாம் மாதச் சோதனையில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. சர்க்கரை மருத்துவர் வி. சேஷய்யா பல ஆண்டுகள் வலியுறுத்தியதால் 2007 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை நடக்கிறது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. சர்க்கரை உள்ள தாயின் வயிற்றில் குழந்தையை நாள் கடக்க விடுவது நல்லதல்ல என்பதால், தேதிக்குள் வலி வராவிட்டால் வரவழைக்க வேண்டியிருக்கும் என்று அரசு மருத்துவமனை டாக்டர் எட்டாம் மாதத்திலேயே அவளிடமும் அவள் அம்மாவிடமும் சொல்லிவிட்டார். அந்த முன்கூட்டிய சொல்தான் பாதி வேலையைச் செய்தது என்று நினைக்கிறேன்.

சேர்ந்த அன்று உள்ளே பரிசோதித்துப் பார்த்தார்கள். கர்ப்பப்பை வாய் எவ்வளவு மென்மையாக இருக்கிறது, எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு குறுகியிருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 1964-இல் எட்வர்ட் பிஷப் வகுத்த கணக்கு அது. நாற்று வயசுக்கு வராமல் பறித்து நட முடியாது என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கர்ப்பப்பை வாயும் அப்படித்தான். பக்குவப்படாத வாய்க்கு முதலிலேயே வலி மருந்தை ஏற்றினால் வலி மட்டும் மிஞ்சும், வழி திறக்காது. அதனால் முதல் வேலை பக்குவப்படுத்துவது. சில இடங்களில் ஜெல் வைப்பார்கள். சில இடங்களில் நுனியில் சின்னப் பலூன் இருக்கும் ரப்பர் குழாயை வைத்துத் தண்ணீர் ஏற்றி மெல்லத் திறக்கவைப்பார்கள். சில இடங்களில் மிசோப்ரோஸ்டால் மாத்திரை, அதுவும் வெறும் 25 மைக்ரோகிராம்.

குழாயா, மாத்திரையா எது நல்லது என்பதற்கு நம் நாட்டிலேயே விடை தேடினார்கள். ரத்த அழுத்தம் ஏறிய 602 கர்ப்பிணிகளிடம் நாக்பூர் அரசு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு மணிக்கொரு தரம் 25 மைக்ரோகிராம் மாத்திரை விழுங்கியவர்களில் 57 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனது. குழாய் வைத்தவர்களில் 47 சதவீதம். இந்தியாவின் நெரிசலான அரசு வார்டுகளில், நம் பெண்களிடம் கிடைத்த சான்று என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு மாலையில் முதல் மாத்திரை கொடுத்தார்கள். “இன்னைக்கே பொறந்துடும்னு நெனைச்சுக்காதம்மா. ஒரு நாளும் ஆகும், ரெண்டு நாளும் ஆகலாம். சாப்பிடு, தூங்கு, நட” என்று செவிலியர் சொல்லியிருக்கிறார். இட்லி சாப்பிட்டாள். வராந்தாவில் அம்மாவோடு நடந்தாள். இரவு முழுக்க லேசான வலிதான். கும்பகோணத்திலிருந்து மாமியார் போன் போட்டுக்கொண்டே இருந்தார், “இன்னுமா ஆகலை” என்று. அடுத்த நாள் காலையில் வாய் திறக்கத் தொடங்கியதும் பனிக்குடத்தை உடைத்துவிட்டு, சொட்டு மருந்து ஏற்றினார்கள். வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“வலி அப்ப நல்லா ஏறிடுச்சு. தானா வர்ற வலி மெல்ல மெல்ல கூடும்னு அக்கா சொல்லியிருந்தா. இது சட்டுனு தூக்குச்சு. ஆனா என்ன பண்றோம்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தான் செஞ்சாங்க. சொட்டைக் கூட்டுறப்ப சொன்னாங்க, ரொம்ப வந்தப்ப குறைச்சாங்க. அம்மா இடுப்பைத் தேய்ச்சு விட்டுக்கிட்டே இருந்தாங்க. அதனால பயம் வரலை” என்றாள். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். “அடுத்த தடவையும் இப்படித்தான்னா சரின்னுதான் சொல்லுவேன்” என்றாள்.

அவள் சொன்னதில் மருந்தின் பெயரே வரவில்லை என்பதைக் கவனித்தேன். சொன்னார்கள், குறைத்தார்கள், அம்மா இருந்தாள் என்பவைதான் திரும்பத் திரும்ப வந்தன. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பிரசவ நேரக் கவனிப்பைப் பற்றி வெளியிட்ட பரிந்துரைகள், தாயும் சேயும் பிழைத்தால் போதும் என்று நிற்கவில்லை. அந்த அனுபவமே நல்லதாக இருக்க வேண்டும் என்று தலைப்பிலேயே வைத்தன. விருப்பப்பட்ட ஒருவர் கூட இருப்பது, மரியாதையான பேச்சு, ஆபத்தில்லாத பெண்ணுக்கு உணவும் நீரும், நடக்க விடுவது, இவைதான் அதன் சாரம். மருந்து வைத்து வலி வரவழைக்கும் பெண்ணுக்கு இவை இன்னும் அதிகம் தேவை. அவளுக்கு நேரம் அதிகம் ஆகும், சோதனைகள் அதிகம், கைகள் அதிகம்.

இனி அந்தக் ‘கடைசியில் கத்தி’ என்ற பயம். அமெரிக்காவில் 6,106 பெண்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று இதை நேராகச் சோதித்தது. எல்லாரும் முதல் பிரசவக்காரிகள், சிக்கல் இல்லாதவர்கள். ஒரு பாதிக்கு 39-ஆவது வாரத்தில் வலி வரவழைத்தார்கள், மறு பாதிக்குக் காத்திருந்தார்கள். வரவழைத்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்கு அறுவை, காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம். குறைந்ததே தவிரக் கூடவில்லை. அங்குள்ள ஆள்பலமும் கருவிகளும் வேறு, அந்த எண்ணை அப்படியே கும்பகோணத்துக்குப் பொருத்த முடியாது. ஆனால் முறையாகச் செய்தால் வலி வரவழைப்பதே அறுவைக்கு இழுத்துச் செல்வதில்லை என்பது உறுதி. அறுவைக்கு இழுப்பது அவசரம். பக்குவப்படும் முன்னே ‘மருந்துக்குக் கேட்கலை’ என்று முடிவு கட்டுவது.

நம்மிடம் அந்த அவசரம் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 1992–93-இல் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வீட்டில்தான். இது எளிய சாதனை அல்ல. கிராம சுகாதாரச் செவிலியர்கள் வரப்பில் நடந்தும் மொபெட்டில் போயும் கட்டிய சாதனை. ஆனால் அதே 2019–21 கணக்கெடுப்பில் 44.9 சதவீதக் குழந்தைகள் அறுவையில் பிறந்திருக்கின்றன, தனியார் மருத்துவமனைகளில் 60 சதவீதத்துக்கும் மேல். நாள் நட்சத்திரம் பார்த்துத் தேதி குறிப்பது, ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்பது, நாளை அமாவாசை என்பது, எல்லாம் இதில் சேரும். வலியை வரவழைக்கவும் இதே காரணங்களைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். காரணம் மருத்துவமாக இருக்க வேண்டும்: சர்க்கரை, ரத்த அழுத்தம், 41 வாரம் முடிந்தது, பனிக்குடம் உடைந்தும் வலி வராதது, குழந்தையின் வளர்ச்சி குன்றியது. பஞ்சாங்கம் அந்தப் பட்டியலில் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். வலியைத் தணிக்க முதுகில் போடும் ஊசி பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் இன்னும் கைக்கு எட்டவில்லை. மருந்து வைத்து வலியைக் கூட்டுகிறோம் என்றால் தணிக்கும் மருந்தையும் கொடுக்கும் கடமை நமக்கு உண்டு. ‘தாங்கிக்குவா’ என்பது 1990-களோடு முடிய வேண்டிய பதில். கூட்டம் மிகுந்த வார்டில் ஒரு செவிலியர் எத்தனை பேரின் சொட்டைத்தான் கண்காணிப்பார் என்ற கேள்வியும் இருக்கிறது. நல்ல அனுபவம் ஒரு நல்ல செவிலியர் கிடைத்த அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது.

கூலிக்கு நடவு நடும் பெண்ணுக்குப் பேறுகால ஓய்வு நாட்களை வாங்கித் தருவது உதவிப் பணம்தான். நிலமில்லா விவசாயக் கூலிப் பெண்களுக்காக 1987-இல் சில நூறு ரூபாயில் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, 2018-இல் 18,000 ரூபாய் ஆனது. புதுக்கோட்டையில் பிறந்து 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற அந்த அம்மையாரின் பெயர் டெல்டாவின் ஏழைக் கர்ப்பிணிகளின் கணக்கில் இருப்பது பொருத்தம். ஆனால் பணம் தவணையில் தாமதமாக வரும்போது, எட்டாம் மாதத்திலும் நாற்று முடி தூக்குகிறவள் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இந்த வருஷம் உங்கள் வீட்டில் பேறுகாலம் இருந்தால் இதைச் செய்யுங்கள். மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நாள் கணக்கு அதில்தான் இருக்கிறது. வலி வரவழைக்க வேண்டும் என்று சொன்னால், ஏன், எந்த மருந்து, எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள், பலிக்காவிட்டால் அடுத்து என்ன என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. குழந்தையின் அசைவு குறைந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். 108 ஒரு போனில் வரும். “இன்னுமா ஆகலை” என்று மணிக்கொரு தரம் போன் போடாதீர்கள். பிரசவ அறையில் கர்ப்பிணியுடன் ஒரு பெண் துணை இருக்கலாம் என்று 2004-இலிருந்தே தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஏற்பாடு இருக்கிறது. யாரும் சொல்லவில்லை என்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.